பொலிஸ் பதிவு வேறு, வாக்காளர் பதிவு வேறு

யாழ்ப்பாணத்து முகாமொன்றில் ஆண்டுக்கணக்காகக் கடமையாற்றும் சிப்பாயின் பெயர் பொதுவாக அவரது ஊர் வீட்டு முகவரியிலேயே வாக்காளர் இடாப்பில் இருக்கும். தேர்தல் வந்தால் தபால் மூலம் வாக்களிப்பார். கடமைக்காக வெளியே நிற்பவர் ஊரைவிட்டுப் போனவர் அல்ல என்பதே இதன் நியாயம். அதே யாழ்ப்பாணத்திலிருந்து ஷெல்லுக்குத் தப்பி வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தவர்களுக்குத் தபால் வாக்கு இருக்கவில்லை.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம் வதிவிடத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. லொட்ஜ் அறையில் மாதக்கணக்காக இருந்தவர் எந்த ஊர் வதிவாளர்? பொலிசாரிடம் அவருக்குப் பதிவு இருந்தது. 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தோர் எல்லோரும் பதிய வேண்டுமெனக் கூப்பிட்டார்கள். அந்தத் துண்டு சோதனைச்சாவடியில் உதவியிருக்கலாம். அதைக் காட்டி வாக்குப் போட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

போருக்குப் பின்னர், 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், இடம்பெயர்ந்தோர் விட்டுவந்த ஊரிலேயே பதிய ஒரு குறித்த காலத்துக்கு வழி தந்தது. சிப்பாய்க்கு வழமையாகக் கிடைப்பது இவர்களுக்குத் தனிச் சட்டத்தால், அதுவும் முப்பது வருடம் கழித்தே கிடைத்தது.

எங்கே பதிவது என்பது சொந்த வசதி மட்டுமல்ல. மாவட்டங்களுக்கான பாராளுமன்ற ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்தே பகிரப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடாது. ஊரிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை என்றிருப்பதுதான் பெரிய நட்டம்.

கொழும்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு இன்று தடையாக இருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் படிவத்தில் எழுதினால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார். வாக்காளர் பதிவு வீட்டில் எந்த உரித்தையும் தராது. அவர் மறுத்தால் கிராம உத்தியோகத்தரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ நேரே கேட்கலாம். பெயர் இருக்கிறதா என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு தேடுவதில் பயனில்லை. அந்தத் தேர்தலுக்குரிய இடாப்பு அதற்கு முன்பே அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்கும்.