காசநோய்க் கிருமியின் மரபணு மாற்றமும் நம் உடலின் தற்காப்பும்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் பலர், இரண்டு மாதத்தில் இருமலும் காய்ச்சலும் நின்றதும் நோய் போய்விட்டது என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சை குறைந்தது 6 மாதம். இடையில் நிறுத்துவது ஏன் ஆபத்து என்பதை, அந்தக் கிருமியின் ஒரு மரபணுவைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். அதன் பெயர் கேட்-ஜி.

கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும், பெருவிழுங்கி எனப்படும் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வேதிப்பொருட்களைச் சுரந்து கொல்ல முயல்கின்றன. கேட்-ஜி மரபணு உருவாக்கும் நொதி அந்தப் பெராக்சைடைச் சிதைத்து, கிருமியைக் காப்பாற்றுகிறது.

1952-ல் புழக்கத்துக்கு வந்த ஐசோனியாசிட் மருந்து, இதே நொதியால்தான் கிருமிக்குள் செயல்படும் நிலைக்கு மாறுகிறது. கிருமி தன் கேடயத்தாலேயே சாகிறது. கேட்-ஜி முழுவதும் பழுதான கிருமியை மருந்து கொல்லாது. ஆனால் கேடயம் இல்லாததால் அது பலவீனமாகிறது. இத்தகைய கிருமிகள் கினிப்பன்றிகளிடம் கடும் நோயை உண்டாக்கவில்லை என்பது 1950-களிலேயே தெரிந்தது.

இந்த ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. கோபாலபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கு வந்த நோயாளிகளின் கிருமிகளை மிட்சிசன் குழுவினர் பிரிட்டிஷ் கிருமிகளோடு ஒப்பிட்டு 1960-ல் முடிவுகளை வெளியிட்டனர். மருந்துக்குக் கட்டுப்படும் தென்னிந்தியக் கிருமிகளில் பலவும் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்திருந்தன. பெராக்சைடைத் தாங்கும் திறனும் அவற்றுக்குக் குறைவாக இருந்தது. ஆயினும் அவை மனிதர்களை நோயில் தள்ளியவைதாம். எனவே ‘பலவீனமான கிருமி’ என்று அலட்சியம் கூடாது.

அதைவிடக் கவலைக்குரிய மாற்றம் ஒன்று உண்டு. கேட்-ஜி நொதியின் 315-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின் வந்துவிட்டால், மருந்து சரியாகச் செயல்படாது. கேடயமோ பெருமளவு அப்படியே இருக்கும். மருந்தையும் தாங்கி, எதிர்ப்புச் செல்களையும் சமாளிக்கும் கிருமி இது. ஐசோனியாசிட் எதிர்ப்புள்ள கிருமிகளில் உலகெங்கும் அதிகம் காணப்படும் மாற்றமும் இதுவே.

இத்தகைய மாற்றங்கள் தற்செயலாக, மிகச் சில கிருமிகளில் மட்டும் தோன்றும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அவையும் தப்பாமல் இருக்கத்தான். சிகிச்சையை அரைகுறையாக விட்டால் மற்றவை அழிந்து, தப்பியவை பெருகும்; வீட்டில் உள்ளவர்களுக்கும் அவையே தொற்றும்.

சானடோரியத்தில் தங்காமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியதும் இதே சென்னை மையம்தான். அதனால் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குடும்பத்தாருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருத்துவர் சொல்லும்வரை ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.