தெராக்-25: உட்பொதிந்த கணினியும் பாதுகாப்புப் பொறுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு கருவியினுள் அமைந்து அதன் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கணினி உட்பொதிந்த கணினி எனப்படும். அதன் மென்பொருளில் நேரும் பிழை திரையோடு நின்றுவிடுவதில்லை. கருவியின் செயலாகவே வெளிப்படுகிறது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவியின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கருவியால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். பழைய கருவிகளின் பாதுகாப்புக்கு எது காரணம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதே இவ்விபத்துகளின் அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வடிவமைப்பு மாற்றம்

கனடா அணுசக்தி நிறுவனம் முன்னர் பிரெஞ்சு நிறுவனமொன்றுடன் இணைந்து தெராக்-6, தெராக்-20 ஆகிய கருவிகளை உருவாக்கியது. அவற்றில் கணினி துணைநிலையிலேயே இருந்தது. தவறான அமைப்பில் கதிர்க்கற்றை வெளிப்படாதவாறு தனி மின்சுற்றுகளும் இயந்திரப் பூட்டுகளும் காத்தன. தெராக்-25இல் அத்தகைய காப்புகள் பல கைவிடப்பட்டு, அப்பணி பிடிபி-11 கணினியில் இயங்கிய மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய மென்பொருளின் பகுதிகளும் மீளப் பயன்படுத்தப்பட்டன. 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்புப் பகுப்பாய்வு, மென்பொருளில் எஞ்சியிருக்கக்கூடிய பிழைகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

பிழையின் இயல்பு

1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் இரு விபத்துகள் நிகழ்ந்தன. எலக்ட்ரான் சிகிச்சைக்கு மாறாக எக்ஸ் கதிர் எனத் தவறுதலாக உள்ளிட்ட இயக்குநர், அதனை விரைந்து திருத்தினார். கருவியின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 வினாடிகள் தேவைப்பட்டன. அதற்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் முழுமையாக உணரவில்லை. திரையில் ‘பழுது 54’ என்னும் குறிப்பு மட்டுமே தோன்றியது; அதன் பொருளை இயக்குநர் கையேடு விளக்கவில்லை.

இதே பிழை தெராக்-20இலும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் அக்கருவியில் பயிலத் தொடங்கும்போதெல்லாம் அதன் மின்னுருகிகள் எரிந்துபோயின. எவருக்கும் தீங்கு நேராமையால் காரணம் ஆராயப்படவில்லை.

முடிவுரை

தெராக்-20 தீங்கின்றி இயங்கியமை அதன் மென்பொருளின் தரத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. உண்மையில் மென்பொருளின் பிழையை வன்பொருட் காப்புகளே மறைத்து வந்தன. காப்புகள் நீங்கியதும் பிழை நோயாளியின் உடலைத் தாக்கியது. 1987இல் வகுக்கப்பட்ட திருத்தத் திட்டம், மென்பொருளைச் சாராத வன்பொருட் காப்புகளை மீண்டும் சேர்த்தது. ஒரு மென்பொருளின் நம்பகத்தன்மையை அது இயங்கிய கருவியிலிருந்து பிரித்து மதிப்பிடுதல் பொருந்தாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.