மலைக்கு இசைந்த மொறிஸ் மைனர்

மலைநாட்டு மோட்டார்ப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுவோர் வீதி அமைத்தோரையும் வாகனம் வாங்கியோரையும் நினைவுகூர்வர். வாகனத்தை மலைக்கு இசைவித்த கைகளை நினைவுகூர்வோர் அரியர். கித்துல்கலவிலிருந்து கினிகத்தனை வழியாக அட்டனுக்கு ஏறும் வீதியையும், மொறிஸ் மைனர் என்னும் சிறு காரையும் சான்றாகக் கொண்டு அக்குறையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைக் கரையில், தாழ்நிலமும் மலைநாடும் சந்திக்குமிடத்தில் கித்துல்கல அமைந்துள்ளது. அட்டனோ ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதைவிட ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. ஆகவே இவ்வேற்றத்தில் வாகனத்துக்கு இரண்டு தேவைகள் எழுகின்றன. ஒன்று, சில்லுகளுக்கு மிகுந்த இழுவிசை. மற்றொன்று, மெலிந்த காற்றுக்கு அளவான பெற்றோல். முன்னது கியர் விகிதத்தையும் பின்னது காபுரேற்றரையும் சார்ந்தவை.

மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1952 இல் அதற்கு 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அக்காரின் பின்னச்சு விகிதம் ஐந்துக்கும் மேற்பட்டது. சில்லு ஒருமுறை சுழல, இயக்கத் தண்டு ஐந்து முறைக்கு மேல் சுழல வேண்டும். வேகத்தை இழந்து வலிமையைப் பெறும் ஏற்பாடு இது. 1956 இல் எஞ்சின் 948 ஆகப் பெருத்தபோது விகிதம் 4.55 ஆகவும், 1962 இல் 1,098 ஆகியபோது 4.22 ஆகவும் குறைந்தது.

அமெரிக்காவில் 1964 இல் வெளிவந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. காரை வாங்கியவர் பின்னச்சு விகிதத்தையும் காபுரேற்றர் அமைப்பையும் தாமே தெரிவுசெய்யலாம். பழைய மைனரைக் கைம்மாறி வாங்கியவருக்கு அத்தெரிவு இல்லை. பின்னச்சைக் கழற்றி மாற்றுதல் பெருஞ்செலவு. எனவே எளிதில் திருத்தக்கூடியதாய் எஞ்சியது எஸ்.யூ. காபுரேற்றரே.

அதன் அடியிலுள்ள அறுமுக நட்டை மேல்நோக்கித் திருகினால் பெற்றோல் குறையும். கீழ்நோக்கித் திருகினால் கூடும். பின்னர் உள்ளிருக்கும் பிஸ்ரனைச் சற்றே உயர்த்திச் செவிமடுக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி நிலைத்தால் பெற்றோல் மிகுதி. ஓய்ந்துவிட முயன்றால் குறைவு. சிறிது கூடி உடனே தணிந்தால் சரி. ஆயினும் கித்துல்கலவில் சரியான அளவு அட்டனில் மிகையாகிக் கரும்புகை கக்கும். அட்டனுக்கேற்பக் குறைத்தாலோ, கீழே இறங்கியதும் எஞ்சின் பெற்றோல் போதாது திணறும். எந்த உயரத்துக்கு இசைவிப்பது என்பதை எந்தக் கைந்நூலும் கூறாது. உரிமையாளரின் அன்றாடப் பயணத்தை அறிந்த மெக்கானிக்கே அதனை முடிவுசெய்ய வேண்டும்.

1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார்கள் அரிதாயின. மைனரின் உற்பத்தியும் அதற்கிடையில் நின்றுபோயிற்று. பழைய கார்களை ஓடச்செய்தது உள்ளூர்க் கராஜ்களின் கைத்திறனே. 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன. இரவல் பொறி அந்த அளவுக்கு நம்மவர் கைக்கு வசமாகியிருந்தது.

காரின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக உண்டு. திருத்தியவர் பெயருக்கு இடமில்லை. இன்றைய கார்களில் காற்றை உணர்கருவி அளக்கிறது. செவியின் தேவை அற்றுவிட்டது. முதிய மெக்கானிக்குகள் நம்மிடையே வாழும்போதே அவர்தம் அனுபவங்களைக் கேட்டெழுதுதல் வரலாறு பயில்வோரின் கடமையாகும். அவர்களோடு அவ்வறிவும் மறையுமாயின், மலையேறிய காரின் வரலாறு அதை வாங்கியவரின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.