45 ஆண்டுகளாக ஒன்றுகூட சட்டமாகாத தனிநபர் மசோதா... மாநிலங்களவையை அசைத்த திருச்சி சிவா!

அமைச்சராக இல்லாத ஒரு எம்.பி. நினைத்தால் சட்டம் கொண்டு வர முடியுமா? முடியும், ஆனா ரொம்பக் கஷ்டம். திமுக எம்.பி. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதாவே அதற்கு உதாரணம்.

யார் இவர்?

1996-ல் புதுக்கோட்டையில் வென்று மக்களவைக்குச் சென்றவர். பின்னர் பல முறை மாநிலங்களவை உறுப்பினரானார். 2022-ல் தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவரானார். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் துறையையும் ஆராய்வது இந்தக் குழுதான்.

தனிநபர் மசோதா என்றால் என்ன?

அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டு வரும் மசோதா. பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் விவாதத்துக்கு வரும். சுதந்திரத்துக்குப் பிறகு இப்படி 14 மசோதாக்கள்தான் சட்டமாகின. கடைசியாக ஆனது 1970-ல்!

2015-ல் நடந்தது என்ன?

மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சிவா தன் மசோதாவைத் தாக்கல் செய்தார். அரசு வேலையில் 2% இட ஒதுக்கீடு, தேசிய, மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன.

அரசே மசோதா கொண்டு வரும், இதை வாபஸ் பெறுங்கள் என்று மத்திய அரசு கேட்டது. சிவா விட்டுக்கொடுக்கவில்லை. 2015 ஏப்ரல் 24-ல் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.

சரி, சட்டமாச்சா?

இல்லை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2016-ல் அரசு தனி மசோதா கொண்டு வந்தது. அது சமூக நீதித் துறைக்கான நிலைக்குழுவுக்குப் போனது. திருநர்களுக்கு இட ஒதுக்கீடு தேவை என 2017-ல் அந்தக் குழு பரிந்துரைத்தது.

ஆனா நிலைக்குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழுவால் அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்க முடியும், அறிக்கை தர முடியும், அவ்வளவுதான். 2019-ல் நிறைவேறிய சட்டத்தில் இட ஒதுக்கீடு இல்லை.

அந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என மாநிலங்களவையில் சிவா தீர்மானம் கொண்டு வந்தார். அது தோற்றது. 2019 நவம்பர் 26-ல் மசோதா நிறைவேறியது.

அப்போ என்ன பயன்?

சிவாவின் மசோதா சட்டமாகவில்லைதான். ஆனா திருநர் உரிமை பற்றி அரசும் நாடாளுமன்றமும் பேசியே ஆக வேண்டிய நிலையை அது உருவாக்கியது. 2020 ஜனவரியில் அரசின் சட்டம் அமலுக்கு வந்தது. சிவா கேட்ட 2% மட்டும் அதில் இடம்பெறவே இல்லை.