இறாலுக்குப் புதுப்புது நோய்கள் எங்கிருந்து வருகின்றன?

கோவளம் கழிமுகம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரை உவர்நீரை நம்பி இறால் வளர்ப்பவரா நீங்கள்? குஞ்சு வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

புது நோய் உங்கள் குளத்தில் தானாக முளைப்பதில்லை. பெரும்பாலும் உயிருள்ள இறாலோடு பயணம் செய்துதான் வருகிறது. வெண்புள்ளி நோயையே பாருங்கள். 1992-ல் தைவான், சீனா பக்கம் தலைகாட்டிய இந்த வைரஸ், சீனாவில் வாங்கிய குஞ்சுகளோடு 1993-ல் ஜப்பானுக்குப் போனது. 1994-ல் நம் கிழக்குக் கடற்கரைப் புலி இறால் குளங்களுக்கு வந்துவிட்டது. அறிகுறி தெரிந்த 3 முதல் 10 நாட்களில் குளமே காலியாகும். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் நண்டு இதைச் சுமக்கும். நண்டு வேலி போடச் சொல்வது அதனால்தான்.

2009-ல் வெனாமி வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தது. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இறால் இது. நோயற்ற தாய் இறாலை இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்த பிறகே பொரிப்பகங்களுக்குத் தருகிறார்கள். பிறகு எப்படி நோய் வருகிறது என்று கேட்பீர்கள். 'நோயற்றது' என்றால் நோயே வராது என்று பொருளல்ல. குறிப்பிட்ட கிருமிகள் இப்போது இல்லை என்பது மட்டுமே. பொரிப்பகத்தில் உயிருள்ள சேற்றுப் புழுவைத் தீவனமாகப் போட்டால் அதன் வழியே கிருமி ஏறிவிடலாம்.

இஎச்பி என்ற நுண்ணுயிரி அப்படித்தான் பரவுகிறது. 2009-ல் தாய்லாந்தின் புலி இறாலில் இதை அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். இது இறாலைக் கூட்டமாகக் கொல்லாது. அதுதான் ஆபத்து! தீவனம் போய்க்கொண்டே இருக்கும், எடை ஏறாது. ஒரே குளத்தில் சிறிதும் பெரிதுமாக இறால் கிடக்கும். அறுவடையில்தான் நஷ்டம் தெரியும்.

இதற்கு நம்பகமான மருந்து இல்லை. ஆண்டிபயாட்டிக் கொட்டினால் சரக்கு ஏற்றுமதியில் திரும்பிவிடும். ஆகவே குஞ்சு வாங்கும்போதே வெண்புள்ளி, இஎச்பி இரண்டுக்கும் பி.சி.ஆர். பரிசோதனைச் சான்று கேளுங்கள். விலை குறைவு என்று சான்றில்லாத குஞ்சை இறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தை அணுகலாம். முட்டுக்காட்டில் அதன் ஆய்வு நிலையம் இருக்கிறது.

ஏற்கெனவே இஎச்பி வந்த குளமா? காயவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது, மண்ணை ஈரப்படுத்துங்கள். காரத்தன்மை 12-க்கு ஏற வேண்டும். வித்துகள் சேற்றில் நெடுநாள் கிடக்கும் என்பதால், வெறும் வெயிலில் காயவைத்தால் போதாது.