ஒரு பலகை விளையாட்டின் மறுபதிப்பும் முப்பதாண்டு எதிர்பார்ப்பும்

அச்சில் இல்லாத நூல் ஒன்றின் மறுபதிப்புக்காகக் காத்திருப்பது ஆய்வுத்துறையினருக்குப் பழகிப்போன ஒன்று. அது எப்போது வரும், யார் வெளியிடுவார்கள், மூலபாடம் சிதையாமல் இருக்குமா என்னும் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. இதே கேள்விகளை ஒரு விளையாட்டைக் குறித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 1989ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான 'ஹீரோகுவெஸ்ட்' என்னும் பலகை விளையாட்டே அது. குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று வரலாற்றாய்வு எளிதில் கடந்து சென்றுவிடும் பொருள். ஆயினும், பண்பாட்டுப் பொருள் ஒன்று உண்மையில் யாருக்கு உரியது என்ற கேள்வியை இதன் மறுபதிப்பு வரலாறு மிகத் தெளிவாக எழுப்புகிறது.

விளையாட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இதனை வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். வெளியிட்டது மில்டன் பிராட்லி நிறுவனம். நெகிழிச் சிற்றுருவங்களுக்கும் கற்பனை உலகுக்கும் துணை நின்றது கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம். பார்பேரியன், குள்ளர், எல்ஃப், மந்திரவாதி ஆகிய நான்கு வீரர்கள் நிலவறை ஒன்றனுள் நுழைகின்றனர். தீய மந்திரவாதியின் பங்கை ஏற்கும் ஒருவர் மட்டும், எந்த அறையில் எந்த அரக்கன் இருக்கிறான் என்பதை அறிந்திருப்பார். கதவு திறக்கப்படும்போதுதான் அறையிலுள்ள புத்தக அலமாரியும் கல்லறையும் எலும்புக்கூடுகளும் பலகையின்மீது வைக்கப்படும். போர்ப்பகடையின் ஆறு முகங்களில் மூன்று மண்டையோடுகள், இரண்டு வெண்கேடயங்கள், ஒரு கருங்கேடயம். வெண்கேடயம் வீரர்களைக் காக்கும். கருங்கேடயம் அரக்கர்களைக் காக்கும். இரு தரப்பின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் ஒரு பகடைக்குள் அடக்கிய இந்த எளிமையே, பத்து வயதுச் சிறுவரையும் இவ்வகை விளையாட்டுக்குள் அழைத்துவந்தது.

மறுபதிப்பு என்று பேசும்போது, எந்தப் பதிப்பின் மறுபதிப்பு என்று கேட்க வேண்டியுள்ளது. பிரிட்டனில் வெளிவந்ததும் 1990இல் வட அமெரிக்காவில் வெளிவந்ததும் ஒன்றல்ல. பிரிட்டன் பதிப்பில் தீய மந்திரவாதியின் பெயர் மோர்கார். அமெரிக்கப் பதிப்பில் சார்கான். முன்னதில் எல்லா அரக்கர்களும் ஒரே அடியில் வீழ்வர். பின்னதில் வலிய அரக்கர்களை வீழ்த்தப் பல அடிகள் தேவை. ஐரோப்பாவுக்கென்று வெளிவந்த சில விரிவாக்கப் பெட்டிகள் அமெரிக்காவுக்குச் செல்லவில்லை. அமெரிக்காவில் வந்த இரண்டு பெட்டிகள் ஐரோப்பாவுக்கு வரவில்லை. சுவடியியலாளர் பாடவேறுபாடு என்று குறிப்பது இதைத்தான். ஆகவே, 'பழைய விளையாட்டு அப்படியே திரும்ப வேண்டும்' என்று விரும்பியவர்கள் அனைவரும் ஒரே பொருளை விரும்பினார்கள் என்று கூற இயலாது. அவரவர் இளமையில் திறந்த பெட்டியே அவரவர்க்கு மூலபாடமாக இருந்தது.

1990களில் விளையாட்டு கடைகளிலிருந்து மறைந்தது. விரும்புவோர் இருந்தும் அது திரும்பி வராமைக்குக் காரணம் உரிமைகளின் சிதறல். ஒரு பலகை விளையாட்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, ஆடும் முறை. பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டையே காக்கிறது. எனவே ஆடும் முறையை எவரும் தம் சொற்களில் எழுதிக்கொள்ளத் தடை இல்லை. இரண்டாவது, பெயர். அது வணிகக்குறிச் சட்டத்தின்கீழ் வரும். பயன்படுத்தப்படாவிட்டால் கைநழுவிப் போகும். மூன்றாவது, ஓவியங்களும் சிற்றுருவங்களும் அவை சார்ந்த கற்பனை உலகும். இவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இவ்விளையாட்டில் அந்த உரிமைகள் ஒரே நிறுவனத்திடம் இருக்கவில்லை.

மில்டன் பிராட்லியை 1984இலேயே வாங்கிவிட்ட ஹாஸ்ப்ரோ நிறுவனம், விளையாட்டு மறைந்தபின் அதன் பெயர்மீதான வணிகக்குறி உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அப்பெயர் கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோராந்தா என்னும் வேறொரு கற்பனை உலகைச் சேர்ந்தவர்களிடம் சென்றது. 2003இல் அதே பெயரில் முற்றிலும் வேறான ஒரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வெளிவந்தது. 2013இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று அறிவித்துக் கூட்டு நிதி திரட்டத் தொடங்கியபோது, உரிமைப் பிணக்கால் அம்முயற்சி முதலில் தொடங்கிய தளத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆடும் முறை தெரிந்திருந்தது, வாங்குவோர் காத்திருந்தனர், சிற்றுருவங்களைச் செய்யும் திறனும் இருந்தது. பெயர் மட்டும் வேறொருவரிடம் இருந்தது.

2020இல் அப்பெயர் மீண்டும் ஹாஸ்ப்ரோவிடம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் இலக்குடன் முன்பதிவைத் தொடங்கியது. இலக்கு மிக விரைவில் எட்டப்பட்டது. முடிவில் திரண்ட தொகை 35 லட்சம் டாலருக்கும் அதிகம். 2021இல் பெட்டிகள் வீடு வந்து சேர்ந்தன. ஆனால் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் உலகம் அப்பெட்டிக்குள் இல்லை. ஃபிமிர் என்னும் ஒற்றைக்கண் அரக்கர்களின் இடத்தில் வேறு உயிர்கள் நின்றன. கேயாஸ் வீரர்கள் வேறு பெயர் பெற்றனர். அரக்கர்களின் வலிமையில் அமெரிக்கப் பாடமே பின்பற்றப்பட்டது. தீய மந்திரவாதியும் சார்கானாகவே வந்தான். விளையாட்டு பிறந்த நாட்டின் பாடம், நூலாசிரியரே கைவிட்ட முதற்படி போல ஒதுங்கிக்கொண்டது. எல்ஃப் இம்முறை பெண்ணாக வந்தது. இம்மாற்றங்களைச் சிலர் வரவேற்றனர், சிலர் வருந்தினர். இரு தரப்பினரும் தாம் பல்லாண்டுகள் காத்திருந்த பொருளைத்தான் கையில் வைத்திருந்தனர்.

இந்த வரலாற்றில் நிறுவனங்களின் பெயர்களை மட்டும் எழுதினால் முதன்மையான ஒரு பகுதி விடுபட்டுவிடும். இடைப்பட்ட ஆண்டுகளில் விதிநூல்களைப் படியெடுத்தவர்களும், ஒரு நாட்டுக்கு வராத பெட்டிகளின் உள்ளடக்கத்தை அந்நாட்டு மொழியில் பெயர்த்தவர்களும், புதிய நிலவறைகளை வரைந்து பகிர்ந்தவர்களும் ஆட்டக்காரர்களே. எதிர்பார்ப்பு என்பதை வெறுங்காத்திருப்பாக நாம் எண்ணிவிடக் கூடாது. அதற்குள் ஓயாத உழைப்பு இருந்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் 'பிளட் பௌல்' இதற்கு இன்னும் தெளிவான சான்று. 1994இல் வந்த மூன்றாம் பதிப்புக்குப் பிறகு 2016இல்தான் அவ்விளையாட்டு புதிய பெட்டியாக வெளிவந்தது. இடையே, அதன் வடிவமைப்பாளர் ஜெர்விஸ் ஜான்சனும் ஆட்டக்காரர்களின் குழுவும் சேர்ந்து விதிகளைப் பலமுறை திருத்தினர். உலகெங்கும் போட்டிகள் அவற்றின்படி நடந்தன. 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகள் பெரிதும் அந்தத் திருத்தங்களையே அடித்தளமாகக் கொண்டவை. அதாவது, நிறுவனம் தன் விளையாட்டை ஆட்டக்காரர்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் எனக்குத் தோன்றுவது இது: ஒரு விளையாட்டை உயிரோடு வைத்திருப்பது ஒரு தரப்பு, அதனை மீண்டும் வெளியிடும் அதிகாரம் உடையது மற்றொரு தரப்பு. முதல் தரப்பின் உழைப்புக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. ஆவணக் காப்பகங்களிலும் பெரும்பாலும் இடமில்லை. நம் நாட்டில் வெளியாகும் நூல்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; அதன்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பதிப்பாளர்கள் படிகள் அனுப்பக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமை விளையாட்டுப் பெட்டிகளைத் தொடுவதில்லை. பலகையும் அட்டையும் பகடையும் விதித்தாளும் சேர்ந்தால்தான் ஒரு விளையாட்டு முழுமை பெறும். அவற்றுள் ஒன்று தொலைந்தாலும் வருங்கால ஆய்வாளருக்குக் கிடைப்பது உடைந்த சுவடியே.

ஆகவே இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பதிப்பு எப்போது வந்தது, எத்தனை விற்றது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது வராத ஆண்டுகளில் யார் எதை வைத்திருந்தார்கள், எதைப் படியெடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று தேடுங்கள். கையால் வரைந்த வரைபடம், ஒட்டுப்போட்ட பெட்டி, ஓரத்தில் விதித்திருத்தம் எழுதிய தாள் ஆகியவையும் நமக்கு மூலச்சான்றுகளே. அவற்றை வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்துவிடுவது நல்லது.