பாப்பா

கொங்கு நாட்டுப் பெண்களின் அழைப்புப் பெயர். சின்னஞ்சிறு குழந்தையைக் குறிக்கும் சொல்லே பெயராக நிலைத்தது. பாப்பாத்தி, பாப்பம்மாள், பாப்பாயி ஆகியன இதையொத்த பெயர்கள். ‘பாப்பாத்தி’க்குப் பார்ப்பனப் பெண் என்ற பொருளும் உண்டு, சில வட்டாரங்களில் வண்ணத்துப்பூச்சியும் பாப்பாத்திதான்.

பெரும்பாலும் இது வீட்டில் முளைத்த பெயர். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்திருந்தால், மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட மருமகளுக்கு வாய் வராது. “பாப்பா, இங்க வா கண்ணு” என்று கூப்பிட்டுப் பழகிவிடுவார்கள். அந்தப் பேத்தியே பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஊருக்குப் பாப்பாதான். ஏட்டுப் பெயர் ஒன்று, வாய்ப்பெயர் ஒன்று என்று வாழ்ந்த பாட்டிகள் இங்கே ஏராளம்.

சிறந்த சான்று மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியின் இயற்கை விவசாயி பாப்பம்மாள். இயற்பெயர் ரங்கம்மாள். நூறு வயதைக் கடந்தும் காட்டுக்குப் போய் வேலை செய்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றபோது நாடறிந்தது ரங்கம்மாளை அல்ல, பாப்பம்மாளை. 2024 செப்டம்பரில் மறைந்தார்.

இன்று பிறக்கும் குழந்தைகளுக்குப் பாப்பாத்தி என்று பெயரிடுவோர் அரிது. வீட்டுக்குள் ‘பாப்பா’ மட்டும் மாறவில்லை. பெண்களைச் செல்லமாக அழைக்கும் ‘அம்முணி’யும் கூடவே ஒலிக்கிறது.